யாருக்காகவும் இல்லாமல் நின்றவர்

திண்டிவனத்தில் ஐம்பதுகளில் கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, கட்சிக் கூட்டமோ, ஒலிபெருக்கி கட்ட வேண்டுமென்றால் விருத்தாசலம் என்பவரைத்தான் தேடுவார்கள். விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வேயில் கலாசி. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டூரிங் டாக்கீஸ் ஒன்றில் ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்தபோது ஆம்பிளிஃபயரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டார். திருவாமாத்தூர்ப் பெண் தையல்நாயகியைக் கட்டிக்கொண்ட பிறகு, விழுப்புரத்தில் போட்டி அதிகம் என்று திண்டிவனத்துக்கு வந்து கடை போட்டார். குழந்தைகள் இல்லை. கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் குடித்தனம்.

ஊரையே அலற வைக்கிற தொழில் செய்தாலும் ஆள் அதிகம் பேச மாட்டார். மேடைக்குப் பின்னால் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து, பேசுகிறவர் குரல் கரகரத்தால் திருகைத் திருகுவார். இன்றைக்கு ஒரு கட்சி, நாளைக்கு இன்னொன்று. எல்லாரும் ஜனங்கள்தான் ராஜா என்று சொல்வார்கள். இவர் அதை நம்பினார். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு என்று அவர் மனைவி பிற்காலத்தில் சொல்வதுண்டு.

முதல் பொதுத் தேர்தலின்போது, வாக்குப்பதிவு அன்றைக்கு, வேலாம்பாக்கத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயை அவிழ்த்துவரப் போனார். திண்டிவனத்திலிருந்து திருவக்கரைப் பக்கமாகப் போனால் வருகிற ஊர் அது. அங்கே பாதி நிலம் அப்பாதுரை என்பவருடையது. ஏணிச் சின்னத்தில் நின்ற வேட்பாளருக்கு அந்த வட்டாரத்தில் வேலை பார்த்தவர் அவர்தான். குழாய் அவர் வீட்டு மாட்டுக்கொட்டகை மேல் இருந்தது. விருத்தாசலம் கொட்டகைக்குள் நுழைந்தபோது அப்பாதுரையின் காரியஸ்தன் சின்னதுரை தரையில் உட்கார்ந்து, முறத்தில் கிடந்த காகிதங்களை ஒவ்வொன்றாக நீவி அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு ரூபாய் நோட்டு அளவுக் காகிதங்கள். வாக்குச்சீட்டுகள்.

"இன்னாப்பா இது? பொட்டியில இருக்க வேண்டியது முறத்துல இருக்குது?"

சின்னதுரை மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே விளக்கினான். அன்றைக்கெல்லாம் இப்போது மாதிரி சீட்டில் முத்திரை குத்துகிற வழக்கம் வரவில்லை. தட்டிக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டி மேல் அவர் சின்னம். சீட்டை வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போய், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். போட்டார்களா என்று யாரும் பார்க்க முடியாது. அப்பாதுரையின் நிலத்தில் கூலி வேலை செய்கிற காலனி ஜனங்கள் சீட்டை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து இவனிடம் கொடுத்துவிடுவார்கள். நம்பிக்கையான ஆள் ஒருவன் ஓட்டுப் போடப் போகும்போது மொத்தத்தையும் கொண்டுபோய் ஏணிப் பெட்டியில் போட்டுவிடுவான்.

"அவங்களையே ஏணிப் பொட்டியில போடச் சொல்லலாமே" என்றார் விருத்தாசலம்.

"உள்ள போய் எதுல போட்டாங்கன்னு யார் கண்டா? கையில வந்துட்டா நிச்சயம் பாருங்க."

"அப்ப அவங்க ஓட்டு?"

சின்னதுரை முறத்தைக் காட்டினான். "இதான்."

விருத்தாசலம் குழாயை அவிழ்த்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து தையல்நாயகியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "நமக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு, சாப்புட வாங்க" என்றாள். அன்றைக்குச் சாப்பிட்டார். ஆனால் அதற்கப்புறம் எந்த மேடையில் யார் 'ஜனங்களின் தீர்ப்பு' என்று சொன்னாலும் அவருக்கு அந்த முறம் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த தேர்தல் ஐம்பத்தேழில். அதற்கு முந்தைய வருஷக் கடைசியில் விருத்தாசலம் ஒரு சங்கம் ஆரம்பித்தார். 'வாக்காளர் காவல் சங்கம்' என்று பெயர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தேவசகாயம், சைக்கிள் கடை பச்சைமுத்து, இன்னும் சில பேர். எந்தக் கட்சிக்கும் சேராதவர்கள் மட்டும் வரலாம் என்று விதி வைத்தார்கள். அந்த விதியாலேயே பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்குள்ளும் வாக்குவாதம் இருந்தது.

"தாசில்தார் இருக்கார், போலீஸ் இருக்குது, உள்ள ஏஜெண்டுங்க இருக்காங்க. இவங்களுக்கு மேல நாம எதுக்குன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்று பச்சைமுத்து ஒருநாள் கேட்டான்.

தேவசகாயம் சொன்னார்: "ஏஜெண்டு அவனவன் பொட்டியைப் பாத்துக்குவான். போலீஸ் சண்டை வராம பாத்துக்கும். ஓட்டைப் பாத்துக்க யாருப்பா இருக்காங்க?"

அந்தப் பதில் விருத்தாசலத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. துண்டு நோட்டீசில் அதையே அச்சடித்தார்.

நோட்டீசை எடுத்துக்கொண்டு அவரும் தேவசகாயமும் தேர்தல் வேலை பார்க்கும் அதிகாரியிடம் போனார்கள். சாவடிக்குள் ஒரு ஓரமாக நின்று பார்க்க அனுமதி வேண்டும் என்பது கோரிக்கை. அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, நோட்டீசை முழுதும் படித்தார்.

"நீங்க எந்த வேட்பாளருக்காக வர்றீங்க?"

"யாருக்காகவும் இல்லீங்க."

"வேட்பாளரோட ஏஜெண்டா இருந்தா உள்ள உட்காரலாம். அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. யாருக்காகவும் இல்லேன்னா ஓட்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"கட்சிக்காரரு உள்ள வரலாம், பொது மனுசன் வரக்கூடாதுங்களா?" என்று தேவசகாயம் கேட்டார்.

அதிகாரி சற்று யோசித்தார். "நீங்க கேக்கறது நியாயமாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு என்கிட்ட விதி இல்லையே. சாவடியைச் சுத்திப் போட்டிருக்கற கோட்டுக்கு வெளியில நில்லுங்க. ஏதாவது கண்டா உள்ள இருக்கற அதிகாரிகிட்ட சொல்லுங்க. அதை யாரும் தடுக்க முடியாது."

அதுவே பெரிய வரம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

வாக்குப்பதிவு அன்று விருத்தாசலமும் பச்சைமுத்துவும் வேலாம்பாக்கத்துக்குப் போனார்கள். தேவசகாயம் திண்டிவனத்திலேயே ஒரு சாவடிக்கு வெளியே நின்றார். தையல்நாயகி தானும் வருகிறேன் என்று கிளம்பினாள். அவளுக்குச் சங்கத்தில் அக்கறை கிடையாது. மத்தியானச் சோறு இல்லாமல் மனுஷன் வெயிலில் நிற்பாரே என்று தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தனிச் சாவடி. சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப்புறம், புங்கமரத்தடியில் அப்பாதுரையின் ஆட்கள் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் ஒரு கூண்டு வண்டி. காலனிப் பெண்கள் வரிசையாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் மோர் குடிக்கிற சாக்கில் வண்டிக்குப் பின்னால் போய்விட்டு வந்தார்கள். வண்டிக்குள் சின்னதுரை இருந்தான்.

பச்சைமுத்துவுக்குக் கை துறுதுறுத்தது. "போய் வண்டியைப் பிடிச்சிடலாமாண்ணே?"

விருத்தாசலம் போலீஸ்காரரிடம் போய்ச் சொன்னார். போலீஸ்காரர் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அது அப்பாதுரை வண்டி. கோட்டுக்கு வெளியில நிக்குது. நான் எப்படிப் போய்ச் சோதனை போடறது? உள்ள அதிகாரிகிட்ட சொல்லுங்க" என்றார்.

சொல்லியனுப்பினார்கள். சாவடி அதிகாரி வாசல் வரைக்கும் வந்தார். வெளியூர் ஆள், முகமெல்லாம் வியர்வை. "சும்மா சீட்டு வெளியில போவுதுன்னா நான் என்ன பண்ண முடியும்? கையில சீட்டோட ஆளைக் காட்டுங்க, நடவடிக்கை எடுக்கறேன்" என்றார்.

ஆளைக் காட்டச் சொன்னார்கள். விருத்தாசலம் கோட்டு ஓரமாக நின்று, வெளியே வருகிற பெண்களைப் பார்த்தார். ஒருத்தி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குழந்தையைப் பிடிக்க வேண்டிய கை குழந்தையிடம் இல்லை, இடுப்புச் செருகலில் இருந்தது. விருத்தாசலம் கையை நீட்டிக் காட்டினார்.

"இந்தம்மா."

அவள் பெயர் வீரம்மாள். அப்பாதுரை நிலத்தில் நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குகிற வேலை செய்பவள். அதிகாரி அவளை உள்ளே திரும்பி வரச் சொன்னார். பெண்ணைப் பெண்தான் சோதனை போட வேண்டும். சாவடியில் பெண் சிப்பந்தி யாரும் இல்லை. அதிகாரி சுற்றிலும் பார்த்தார். சோற்றுத் தூக்கோடு நின்றிருந்த தையல்நாயகி கண்ணில் பட்டாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வாங்க."

தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள். அவர் "போ" என்று தலையசைத்தார்.

தட்டியின் மறைவில் வைத்து வீரம்மாளின் இடுப்புச் செருகலைத் தளர்த்தியபோது, வெற்றிலைக் காம்போடு சேர்த்து நாலாக மடித்த சீட்டு வந்தது. வீரம்மாள் தடுக்கவில்லை. குழந்தை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நீயே எடுத்துக்கினே இல்ல, நீயே அந்தப் பொட்டியில போட்டுடும்மா. எதுலன்னாலும் போட்டுடு" என்றாள் வீரம்மாள், மெதுவான குரலில்.

தையல்நாயகிக்கு அப்படிச் செய்துவிடலாமே என்று தோன்றியது. பெட்டிகள் பக்கத்திலேயே வரிசையாக இருந்தன. ஆனால் தட்டிக்கு அந்தப்பக்கம் அதிகாரியும் போலீஸ்காரரும் காத்திருந்தார்கள். அவள் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வாக்குச்சீட்டை வெளியே கொண்டுபோவது குற்றம், அங்கேயே கைது செய்யலாம் என்று அதிகாரி புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறவரைக்கும் வீரம்மாளைப் பள்ளிக்கூட மரத்தடியில் உட்கார வைத்தார்கள். விஷயம் பரவியதும் கூண்டு வண்டி கிளம்பிப் போய்விட்டது. பந்தலில் மோர் ஊற்றுவது நிற்கவில்லை. சற்று நேரத்தில் அப்பாதுரையே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை.

"இன்னாடி வீரம்மா, இப்படிப் பண்ணிட்டியே. ஊரு மானம் போச்சே" என்றார்.

வீரம்மாள் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பாதுரை விருத்தாசலத்திடம் வந்தார். "நல்ல காரியம் பண்ணீங்க. உங்களை மாதிரி நாலு பேரு இருந்தாத்தான் தேர்தல் ஒழுங்கா நடக்கும்" என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போகும்படி உபசரித்தார்.

விருத்தாசலத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் அவரிடம் இருந்த சாட்சியம் ஒரு சீட்டு. அது வீரம்மாளின் மடியில் இருந்து வந்தது.

அன்றைக்கு வந்த புளிச்சோற்றை யாரும் சாப்பிடவில்லை.

எந்தப் பெட்டி ஜெயித்தது என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்தது. வீரம்மாளின் சீட்டு எந்தப் பெட்டியில் விழுந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

வாக்குப்பதிவுக்கு மறுநாள் விருத்தாசலம் வேலாம்பாக்கம் காலனிக்குப் போனார். வீரம்மாளின் புருஷன் கிருஷ்ணசாமி குடிசை வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். கூட இரண்டு பேர் இருந்தார்கள். இவரைப் பார்த்ததும் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

"யார் கொண்டாரச் சொன்னாங்கன்னு உம் பொஞ்சாதி சொல்லிட்டா அவளுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. நீயும் வந்து சொல்லு. நான் கூட நிக்கிறேன்" என்றார் விருத்தாசலம்.

"நீங்க எத்தினி நாளு நிப்பீங்க சாமி?"

"இன்னா?"

"இந்தக் குடிசை ஆண்டை மனையில இருக்குது. நானும் எங்கப்பனும் அவுரு நெலத்துலதான் வேல செஞ்சோம். அவ சொல்லிட்டு வெளியில வந்தா எங்க வந்து படுப்பா? உங்க கடையிலயா?"

விருத்தாசலம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கிருஷ்ணசாமி கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தான். அவன் கோபமாகப் பேசவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் இவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராகத் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் போனார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். வக்கீல் சிரித்தார்.

"இது உங்க கேஸ் இல்ல, சர்க்கார் கேஸ். நீங்க முதல் சாட்சி. உங்க வீட்டம்மா ரெண்டாவது. வரலேன்னா உங்களுக்குத்தான் சம்மன் வரும்."

கோர்ட்டில் விருத்தாசலம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அதோடு நிற்காமல், "அய்யா, அந்தம்மா அம்பு மாதிரி. எய்தவரு வெளியில இருக்காரு. ஒரு கூண்டு வண்டி" என்று ஆரம்பித்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி மாஜிஸ்திரேட் சொன்னார். வண்டியில் சீட்டு இருந்ததைக் கண்ணால் பார்த்தீரா என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். இல்லை. அந்தப் பெண்ணிடம் யாராவது பேசியதைக் காதால் கேட்டீரா? இல்லை. முறத்தைப் பார்த்தது முந்தின தேர்தலில். அதைச் சொல்ல வாய் திறந்தார். இறங்கிப் போகலாம் என்றார்கள்.

தையல்நாயகியை, சீட்டு எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டார்கள். அத்தனை ஆண்கள் இருந்த இடத்தில் அவள் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. வீரம்மாளும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீரம்மாளிடம் யார் சொல்லி எடுத்தாய் என்று கேட்டபோது, "யாரும் சொல்லல சாமி. அது இன்னா காகிதம்னு தெரியாம வச்சிக்கினேன்" என்றாள். அவளுக்காக வாதாட வந்த வக்கீலை ஏற்பாடு செய்தவர் அப்பாதுரை. படிக்காத ஏழைப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள், தயவு காட்ட வேண்டும் என்று அந்த வக்கீல் உருக்கமாகவே பேசினார். மூன்று மாதம் தண்டனை. கைக்குழந்தையோடு வேலூர் பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள். கோர்ட் வாசலில் அப்பாதுரை கிருஷ்ணசாமியின் தோளில் கை வைத்து, "நான் இருக்கேன், போ" என்றார். காலனி ஜனங்கள் அவரைக் கும்பிட்டார்கள். விருத்தாசலம் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தையல்நாயகி கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். "நீங்க விரலால காட்டிட்டு நின்னுட்டீங்க. நான் இந்தக் கையால எடுத்தேன்" என்றாள். அதற்கப்புறம் அதைப்பற்றி அவரிடம் பேசவில்லை. ஆனால் சில வாரம் கழித்து, வேலூருக்குப் போக வேண்டும் என்றாள். இருவரும் போனார்கள். பெண்கள் பார்க்கிற இடத்துக்கு அவளை மட்டும்தான் விட்டார்கள்.

வீரம்மாள் கம்பிக்கு அந்தப்பக்கம் குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தை கொஞ்சம் சதை போட்டிருந்தது. தையல்நாயகி கொண்டுபோன பொரியுருண்டையைக் காவல்காரி சோதித்துப் பார்த்துக் கொடுத்தாள்.

"மனசுல வச்சிக்காத வீரம்மா. அவரு கெட்ட எண்ணத்துல செய்யல."

"ஒண்ணு கேக்கறேன், சொல்றியாம்மா? உங்க வூட்டுக்காரரு எந்தப் பொட்டிக்காக நின்னாரு?"

"எதுக்காகவும் இல்ல. யாருக்காகவும் இல்ல."

வீரம்மாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "யாருக்காகவும் இல்லாம ஒருத்தரு அந்த வெயில்ல வந்து நிப்பாரா? உனக்குச் சொல்ல இஷ்டமில்லேன்னா வுடும்மா."

வெளியே வந்து தையல்நாயகி இதைச் சொன்னபோது விருத்தாசலம் வேலூர்க் கோட்டை அகழிப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

சங்கம் தானாகக் கரைந்தது. பச்சைமுத்துவுக்கு வேலாம்பாக்கம் பக்கத்து வாடிக்கை நின்றுபோனது, அவன் ஒதுங்கிக்கொண்டான். தேவசகாயம் மட்டும் கடைசிவரைக்கும் விடவில்லை. "நாம தப்பான ஆளைப் பிடிச்சோம்னு சொல்லு, ஒத்துக்கறேன். பிடிக்கவே கூடாதுன்னு சொல்லாதே" என்று வாதாடுவார். அடுத்த மழைக்காலத்தில் அவரும் இறந்துபோனார். விருத்தாசலத்தின் குழாயை எந்தக் கட்சியும் எடுப்பதில்லை என்றாயிற்று. பகை ஒன்றும் இல்லை. வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஐம்பத்தொன்பதில் கடையை விற்றுவிட்டு விழுப்புரத்துக்கே திரும்பி, ரயிலடிப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

அறுபத்திரண்டு தேர்தலில் முறையை மாற்றினார்கள். எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில், முத்திரை குத்தி, அதிகாரி கண்ணெதிரே ஒரே பெட்டியில் போட வேண்டும். சீட்டு வெளியே போகிற வழி அடைந்தது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று விருத்தாசலம் தையல்நாயகியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். வெகுநாளைக்கப்புறம் அவர் முகம் தெளிந்திருந்ததாக அவள் நினைத்தாள்.

வாக்குப்பதிவு அன்று விழுப்புரத்தில் காலையிலேயே ஓட்டைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வேலாம்பாக்கத்துக்குப் போனார். சாவடி வரைக்கும் போகவில்லை. போகிற வழியில் மல்லாட்டைக் கொல்லையில் காலனிப் பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். வீரம்மாளும் இருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இவரை அடையாளம் கண்டுகொண்டு நிமிர்ந்தாள்.

"ஓட்டுப் போடப் போகலியாம்மா?" என்று கேட்டார்.

"எங்க ஓட்டுல்லாம் காலையிலயே ஆயிடிச்சாம். வர வேணாம், வேலயப் பாருங்கன்னு சின்னதுரை சொல்லிட்டுப் போச்சு."

"உங்க பேர்ல வேற யாரோ போட்டிருக்காங்க. நீ வந்து கேட்டா உனக்கு வேற சீட்டுத் தருவாங்க. சட்டம் இருக்குது. வாம்மா, நான் கூட வர்றேன்."

அவள் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். "அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள நான் ஒருதரம் போனதே போதும் சாமி" என்றாள். பிறகு, அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, "வெயில்ல நிக்காதீங்க. அந்தப் பானையில கேப்பைக் கூழு இருக்குது, குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அவர் குடித்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பி வர பஸ் கிடைக்கவில்லை. வந்த லாரிகளெல்லாம் ஓட்டுப் போட ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

அறுபத்தேழு தேர்தலுக்கு முன்னால் விழுப்புரத்தில் சில இளம் வக்கீல்களும் வாத்தியார்களும் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். திண்டிவனத்தில் முன்பு இப்படி ஒருவர் செய்தார் என்று கேள்விப்பட்டு ரேடியோ கடைக்கு வந்து அவரை அழைத்தார்கள். கூட்டம் ஒரு டுடோரியல் கல்லூரி அறையில் நடந்தது. பேச வராது என்று முதலில் மறுத்தார். பிறகு நடந்தது எல்லாவற்றையும், கூட்டிக் குறைக்காமல் சொன்னார். குழுவின் செயலாளர், வேங்கடேசன் என்ற வக்கீல், எழுந்து கேட்டார்.

"அப்ப அந்தம்மாவை விட்டிருக்கணும்னு சொல்றீங்களா ஐயா?"

"விட்டிருந்தா அந்தச் சீட்டு வண்டிக்குள்ள போயிருக்கும்."

"அப்ப பிடிச்சது சரிதானே?"

"பிடிச்சதுல வண்டிக்காரருக்கு ஒண்ணும் ஆகலியே தம்பி."

"அப்ப எங்களை மாதிரிக் குழு வேணும்கறீங்களா, வேணாம்கறீங்களா?"

விருத்தாசலம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "வேணும். யாரும் பாக்கலேன்னா இன்னும் மோசமாப் போவும். ஆனா பாத்தா இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா இவ்வளவு நாள்ல யார்கிட்டயாவது சொல்லியிருக்க மாட்டனா?"

அவர்கள் கைதட்டினார்கள். எதற்குக் கைதட்டினார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. குழுவில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று வேங்கடேசன் கேட்டதற்குச் சரி என்றார்.

வாக்குப்பதிவு அன்று ஊருக்குள் ஒரு சாவடிக்கு வெளியே அவரை நிறுத்தினார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு துணிப்பட்டையும் கொடுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல், காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுப் போன ஒரு கிழவன் மறுபடியும் வரிசையில் வந்து நின்றதைப் பார்த்தார். ரயிலடியில் மூட்டை தூக்குகிறவன், மண்ணாங்கட்டி என்று பெயர், இவருக்குத் தெரிந்த முகம்தான். காலையில் வெறும் உடம்போடு வந்தவன் இப்போது யாரோ கொடுத்த புதுச் சட்டை போட்டிருந்தான். இடதுகை விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தான். மை போக எதையோ போட்டுத் தேய்த்ததில் தோல் சிவந்திருந்தது. சற்றுத் தள்ளி ஒரு வெற்றிலைக்கடை ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, கிழவனையே கவனித்துக்கொண்டிருந்தார்.

கிழவன் தற்செயலாகத் திரும்பினான். விருத்தாசலத்தின் சட்டையில் இருந்த பட்டையைப் பார்த்தான். விரலைத் தேய்ப்பது நின்றது. கை மெல்ல வேட்டி மடிப்புக்குள் போனது.

வேங்கடேசன் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும். விருத்தாசலம் வேறு பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தபோது வரிசை நகர்ந்திருந்தது. கிழவன் உள்ளே போயிருந்தான். சைக்கிள்காரரும் அங்கே இல்லை.

பொழுது சாய்ந்து பெட்டிக்குச் சீல் வைத்ததும் வேங்கடேசன் வந்து, "உங்க பக்கம் எப்படி ஐயா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தார்.

வீட்டில் தையல்நாயகி கால் கழுவத் தண்ணீர் வைத்திருந்தாள். அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.